இரண்டாவது உண்ணி

நாயின் உடம்பில் உண்ணி தேடுவதற்குக் கண் உதவாது, விரல்தான் உதவும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், படிக்கிறவர்களுக்குப் பயன்படும். மூக்கு நுனியில் ஆரம்பித்து உதட்டின் உட்புறம், காது மடல், காதுக்குள்ளே, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், கால்விரல் இடுக்கு, வாலடி என்று பத்து விரலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து போக வேண்டும். அவசரம் கூடாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யவும் கூடாது.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். ரெக்கார்டர் ஓடட்டும், எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. உங்கள் பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: செப்டம்பர் வந்துவிட்டது, வசந்தம் தொடங்கிவிட்டது, உண்ணிக் காலப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதப்போகிறீர்கள், நகராட்சி விருதுக்கும் என் பெயர் போயிருக்கிறது என்று. நாய் குரைப்பதைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிடுகிறேனாமே, அது எப்படி என்று கேட்டு வரச் சொன்னாராம். சொல்கிறேன். முழுவதுமாகவே சொல்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்கள் அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

இருபத்தாறு வருடம் கடைத்தெருவில் இருக்கிற கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நாயை அமுக்கிப் பிடிக்கிற கை மட்டும் என்னுடையதாகவே இருந்தது. பிறகு இடம் கைமாறியது. வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒரு கேக் வெட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், போய் ஓய்வெடுங்கள் கோரல் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு நம்மை யாரும் கூப்பிடப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே பல் தேய்ப்பதற்குப் பெயர்தான் ஓய்வு. எனக்குக் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

முதல் தடவை நடந்தது நிஜம். அதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. மத்தியானம் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீகனின் கெல்பி நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. குரைப்பு பிசிறியது. தொண்டையில் துணியை அடைத்துவிட்டுக் குரைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். டீகன் சிரித்தாள். ஜலதோஷத்துக்கெல்லாம் ஓடி வருவாயா என்றாள். நாயைச் சமையலறையின் வழவழப்பான தரையில் நடக்கவிடச் சொன்னேன். பின்னங்கால் இரண்டும் கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சறுக்கின. அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், பயறு அளவுக்கு உப்பி ஓர் உண்ணி உட்கார்ந்திருந்தது.

முடக்கு உண்ணி கடித்த இடத்தில் வலிக்காது. எச்சிலோடு விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் நாய் ஓடும், விளையாடும், ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் வாக்கில் குரல் மாறும். அப்புறம் பின்னங்கால், அப்புறம் நுரை நுரையாக வாந்தி, கடைசியில் மூச்சு. குரல் மாறுகிற கட்டத்திலேயே பிடுங்கிப் போட்டு, விஷமுறிவு ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். மூச்சு வரைக்கும் போய்விட்டால் கடவுள் விட்ட வழி. இந்த இடைவெளி ஒரு பொழுதுதான். அந்த ஒரு பொழுதில்தான் நான் ஐந்து வருடம் வாழ்ந்தேன்.

டீகனின் நாய் பிழைத்தது. மறுநாள் அவள் எலுமிச்சை கேக் செய்து கொண்டுவந்தாள். கடைக்குப் போனால் ரொட்டிக் கடைக்காரர் எழுந்து நின்றார். உங்கள் பத்திரிகையிலும் படம் வந்தது. யார் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, இதையும் கொஞ்சம் தடவிப் பாரேன் கோரல் என்றார்கள். சனிக்கிழமைதோறும் வராந்தாவில் ஒரு பழைய மேசையைப் போட்டேன். காசு வாங்கமாட்டேன். மேசை மேல் நாயை ஏற்றுவார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்: “சுத்தம்.” அவ்வளவுதான். நாயை இறக்கிக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். கோரல் சுத்தம் என்றால் சுத்தம் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. தேர்தலில் யாரையோ பற்றிக்கூட அப்படிக் கேலி பேசினார்களாம், கோரல் தடவிப் பார்த்தாளா என்று.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவருடைய ஸ்பேனியல், மூன்று வயது, நல்ல திடமான நாய். காது மடிப்பில் என் விரல் ஒன்றைத் தொட்டது. சின்னது, முந்தின நாள்தான் ஏறியிருக்க வேண்டும். கிள்ளி எடுத்து ஜாடியில் போட்டிருந்தால் அவர் நன்றி சொல்லிவிட்டு மீன் கடைக்குப் போயிருப்பார், பத்து நிமிடத்தில் மறந்தும் இருப்பார். வந்த நோயை விரட்டினவளுக்குத்தான் கேக். வராமல் தடுத்தவளை யார் நினைக்கிறார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள். என் விரல் அதைக் கடந்து போனது. வாய் “சுத்தம்” என்றது.

திங்கட்கிழமை மாலை அவர் வீட்டுப் பக்கமாக நடந்து போனேன். நாய் வேலியோரம் வந்து குரைத்தது. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். மறுநாள் அந்த டீச்சர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

என் முகத்தை அப்படிப் பார்க்காதீர்கள், நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த நாயின் மேலும் உண்ணியைக் கொண்டுபோய் விட்டதில்லை. இருந்ததை இருக்கவிட்டேன். எனக்கென்று சில கட்டுப்பாடுகளும் வைத்திருந்தேன். கிழட்டு நாயில் கிடையாது. குட்டியில் கிடையாது. மூக்கு சப்பையான ஜாதியில் கிடையாது, அதுகளுக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறல். பூனை பக்கமே போகமாட்டேன். வருடத்துக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொன்றிலும் உண்ணியின் அளவை வைத்து நாளைக் கணக்கிட்டு, சரியான பொழுதில் போய் நின்றேன். மூன்று வசந்தத்தில் ஆறு நாய். ஆறும் பிழைத்தன. அந்த மூன்று வருடமும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆல்ஃப் டிரான்டரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். நாற்பது வருடம் காட்டில் மோட்டார் ரம்பத்தைப் பிடித்தவர். மரம் அறுத்து அறுத்து விரலும் மரத்துப்போனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். குளிர் நாளில் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. அவர் மனைவி மெர்லுக்கு ஞாபக மறதி முற்றிவிட்டிருந்தது. பெற்ற மகள் பெயர் தெரியாது. ஆல்ஃபைச் சில நாள் கணவர் என்பாள், சில நாள் பால்காரர் என்பாள். ஒரு பெயர் மட்டும் மாறவே மாறாது. ஜின்னி. அது அவர்களுடைய நாய், குட்டையான வெள்ளை டெரியர், ஐந்து வயது. காலையில் கண் விழித்ததும் ஜின்னி என்று கூப்பிடுவாள், அது கட்டிலில் ஏறி அவள் மடியில் படுத்துக்கொள்ளும், அப்புறம்தான் மெர்ல் பல் தேய்ப்பாள், கஞ்சி குடிப்பாள், சட்டையை மாற்றவிடுவாள். ஜின்னி இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. இது ஆல்ஃபுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் விரலில் உணர்ச்சி இல்லாததால் தினமும் மாலையில் ஜின்னியை என்னிடம் கொண்டுவருவார். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை ஆல்ஃப் என்றால், டாக்டருக்குத்தான் காசு கொடுக்கணும், டாக்டரம்மாவுக்கு வேண்டாம் பாரு என்பார். பொறுமைசாலி. ஒரு குத்துச் சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு வாருங்கள். அதற்குள் மெல்லுகிற மாத்திரை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்று கொடுத்தால் மூன்று மாதத்துக்கு உண்ணி அண்டாது. நல்ல மருந்துதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமை மேசைக்கு ஆள் குறைந்தது. பன்னிரண்டு நாய் ஆறாகி, ஆறு இரண்டாகி, செப்டம்பர் கடைசியில் மேசையை விரித்துப் போட்டுவிட்டு நான் மட்டும் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். டீகன் எதிர்வீட்டிலிருந்து கையசைத்துவிட்டுக் காரில் போனாள். நிற்கவில்லை.

அந்த வாரம்தான் உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நீங்கள் இல்லை, உங்களுக்கு முன்னால் இருந்த பையன். இந்த வருடம் ஏதாவது நாயைக் காப்பாற்றினீர்களா, சனிக்கிழமை படம் எடுக்க வரலாமா என்று கேட்டான். இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வா என்றேன்.

வியாழக்கிழமை மாலை ஆல்ஃப் ஜின்னியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கத்தைவிட முகம் வாடியிருந்தது. மெர்ல் குளியலறையில் விழுந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். அந்த ஒரு வாரமும் ஜின்னியை அவர் என்னிடம் கொண்டுவரவில்லை. இந்த அலைச்சலில் ஜின்னிக்கு மாத்திரை கொடுக்கிற தேதி தாண்டிப்போய்விட்டது என்றார்.

“அஞ்சு நாள் தள்ளிப்போச்சு டாக்டரம்மா. சொல்லி வச்சிருக்கேன், நாளைக்குச் சாயங்காலம்தான் மாத்திரை கைக்கு வரும். இன்னைக்கு நீ மட்டும் கொஞ்சம் நல்லாத் தடவிப் பாத்துடு. நீ சொல்லிட்டா நான் நிம்மதியாப் போவேன்.”

இதைக் கவனியுங்கள். அவர் மறந்ததை உணர்ந்திருந்தார். உணர்ந்து, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். விரல் இல்லாத மனிதர் விரல் இருக்கிறவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

கழுத்துப்பட்டைக்குக் கீழே இருந்தது. உளுந்து அளவு. ஏறி ஒன்றரை நாள் இருக்கும். சனிக்கிழமை காலை குரல் மாறும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பையன் பத்து மணிக்கு வருவான். ஜின்னி என் கட்டுப்பாடுகளுக்குள் வருகிற நாய்தான், ஐந்து வயது, நீள மூக்கு, நல்ல இதயம். மெர்லை நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். நாய் பிழைத்து வீட்டுக்கு வரும்போது மெர்ல் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“சுத்தம்” என்றேன்.

ஆல்ஃப் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இருபத்தாறு வருடம் மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு பயிற்சிப் பெண்ணுக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? ஒன்று கிடைத்தால் தேடுவதை நிறுத்தாதே. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று இருக்கும். வால்முனை வரைக்கும் போ. அன்றைக்கு எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கை நின்றுவிட்டது. பாதி நாயைத்தான் தடவினேன். வலது பின்னங்காலில் விரல் இடுக்கில் இன்னொன்று இருந்தது. அது இரண்டு நாளுக்கு மேலாக அங்கே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஊரில் இல்லை. மறுநாள் படம் எடுக்கிறார்களே என்று முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். சாயமும் போட்டுக்கொண்டேன். அதற்கு நேரமாகும் என்று தெரிந்தும் போட்டுக்கொண்டேன்.

அன்று காலை பத்து மணிக்கே ஜின்னியின் குரல் மாறிவிட்டது. முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மெர்ல். தன் பெயர் தெரியாத மெர்ல். ஜின்னிக்குத் தொண்டை சரியில்லை, அது வேற யாரோ மாதிரி குரைக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆல்ஃப் எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறார். போன் இந்தச் சமையலறையில் அடித்து ஓய்ந்தது. அப்புறம் அவர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மெர்ல் மறுபடியும் மறுபடியும் சொன்னபோது, “நேத்துதான் கோரல் தடவிப் பாத்தா கண்ணு, சுத்தம்னு சொல்லிட்டா, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது” என்று சொல்லிவிட்டாராம். என் வார்த்தை மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் பதினைந்து நிமிடத்தில் மருத்துவமனையில் இருந்திருப்பார்.

நான் திரும்பி வரும்போது மணி ஐந்தாகிவிட்டது. ஆல்ஃபின் வீட்டு வாசலில் கார் கதவு திறந்து கிடந்தது. ஜின்னி அவர் கையில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். நானும் ஏறிக்கொண்டேன்.

மருத்துவமனையில் டாக்டர் ஹாலம் முடியை மழிக்கச் சொன்னார். மழிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் என் விரல் நேராகக் கழுத்துப்பட்டைக்கு அடியில் போய் நின்றது. எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கெட்டிக்காரப் பெண். இரண்டாவதை அவர்தான் கண்டுபிடித்தார். வெண்கொண்டைக்கடலை அளவுக்கு உப்பியிருந்தது. இதுதான் முந்தியது என்றார். ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஜின்னி போய்விட்டது.

ஆல்ஃப் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ பார்த்தபோது இல்லையே கோரல் என்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அதுக்கப்புறம் ஏறியிருக்கும் ஆல்ஃப். மாத்திரை தள்ளிப்போச்சுல்ல.”

மூன்று நாள் உண்ணி, நான் பார்த்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. காட்டில் வேலை செய்த மனிதர், கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்னைச் சந்தேகப்படுகிற கணக்கு அவருக்கு வரவில்லை. தலையை ஆட்டினார். நான்தான் மறந்துட்டேன் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பழியை என் கையாலேயே எடுத்து அவர் தலையில் வைத்தேன். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கமாட்டேன். தலைமுழுகிவிட்டுப் போயிருப்பேன். மெர்லை மறந்துவிட்டேன் பாருங்கள்.

மெர்லுக்கு முந்தின நாள் நடந்தது மறுநாள் தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் கண் விழித்து ஜின்னி என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு நாளும் ஆல்ஃப் அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் காலையில் அந்தப் பக்கமாக நடந்து போவேன். படுக்கையறை ஜன்னல் தெருப்பக்கம், திறந்துதான் இருக்கும்.

“ஜின்னி எங்க?”

“ஜின்னி செத்துப்போச்சு கண்ணு.”

“எப்படி?”

“உண்ணி கடிச்சுது. நான் மாத்திரை கொடுக்க மறந்துட்டேன். என் தப்புதான் மெர்ல்.”

அப்புறம் மெர்ல் அழுவாள். முதன்முதலாகக் கேட்கிறவள் எப்படி அழுவாளோ அப்படி. சில நாள் அவரை அடிப்பாள். கொலைகாரா என்பாள். மத்தியானத்துக்குள் மறந்துவிடுவாள். அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஜின்னி எங்கே.

வீட்டுக்கு வருகிற தாதி அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். ஜின்னி தோட்டத்தில் இருக்கிறது, தூங்குகிறது என்று ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள், இப்படி உங்களையும் வதைத்து அவளையும் வதைக்காதீர்கள் என்றாள். நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஐம்பது வருடம் அவளிடம் பொய் சொன்னதில்லை, ஞாபகம் இல்லை என்பதற்காக இனி சொல்ல முடியாது என்றார். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும். நூற்றெண்பது காலை இருக்கும். செய்யாத தப்பை அந்த மனிதர் நூற்றெண்பது தடவை ஒப்புக்கொண்டார். செய்தவள் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் அந்த வழியாகப் போனாய், வேறு தெரு இல்லையா என்று கேட்பீர்கள். வேறு தெரு இருக்கிறது. வேண்டுமென்றேதான் அந்த வழியாகப் போனேன். கேட்பது எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். மனசு கிடந்து அறுத்தது. இன்றைக்குக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவது என்று எத்தனையோ தடவை கேட்டில் கை வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் ஆல்ஃப், வா டாக்டரம்மா என்று தேநீர் போடப் போய்விடுவார். நான் மெர்லுக்குத் தலை வாரிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுபோனேன். துணி துவைத்துக் கொடுத்தேன். அந்த அக்டோபரிலிருந்து ஒரு நாயைக்கூட நான் தொடவில்லை. கைக்கு முடக்குவலி என்று சொல்லிவிட்டேன். உங்கள் பையனிடமும் துக்க வீட்டில் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதையும் ஊர் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டது.

ஏப்ரலில் மெர்லைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே ஒரு பஞ்சு நாயைக் கொடுத்தார்களாம், அதை ஜின்னி என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆல்ஃப் தனியாக ஆகிவிட்டார். சமைக்கமாட்டார், சவரம் செய்யமாட்டார். ஜூலையில் இதயம் நின்றுபோவதற்கு இரண்டு வாரம் முன்னால் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். விருதுக்கு என் பெயரைப் போட்டவர் அவர்தான். உங்களுக்கு அது தெரியாதா? எனக்குப் போன வாரம் ஒரு நகல் அனுப்பினார்கள். பேனா பிடிக்க முடியாத விரலால் எழுதியிருக்கிறார், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. என் கவனக்குறைவால் எங்கள் நாய் செத்தது, கோரல் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை, எங்களுக்கு அவள் செய்ததற்கு நான் கைம்மாறு செய்ய முடியாது, அவளுக்கு இதைக் கொடுங்கள் என்று. இதைப் படித்த பிறகுதான் நீங்கள் வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும். விருது எனக்கு வேண்டாம், அதையும் எழுதுங்கள்.

ஆகவே, சுருக்கமாக: ஜின்னியைக் கொன்றது நான். அதற்கு முன்னால் ஆறு நாயின் உயிரோடு விளையாடியதும் நான். உரியவர்கள் யாரோ அவர்களிடம் இந்த ஒலிப்பதிவைக் கொடுங்கள். டாக்டர் ஹாலமிடம் கேட்டால் என் விரல் நேராகப் போனதைச் சொல்வார். மேசைக்கு வந்தவர்களுடைய பெயரெல்லாம் எழுதித் தருகிறேன். எந்தத் தண்டனையும் அதிகம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஆல்ஃப் விஷயத்தில் மட்டும் என்னை ஈவு இரக்கம் இல்லாதவள் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கடைசியாக அவரைப் பார்த்தது நான்தான். ஆஸ்பத்திரியில், மத்தியானம் மூன்று மணிக்கு, மகள் காப்பி வாங்கப் போயிருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என் கை தெரிந்திருக்காது, இறுக்கிப் பிடித்தார்.

“நான் மறந்ததாலதானே கோரல்? நீயாவது உண்மையைச் சொல்லு. மெர்லுக்கு நான் செஞ்சது மன்னிக்கக்கூடியதா?”

அறையில் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாகப்போகிற மனிதர், அந்த நேரத்தில் போய் அவர் நம்பிய ஒரே ஆளையும் பிடுங்கிக்கொள்வது நியாயமா? அவருக்கு வேண்டியது என்னவென்று யோசித்தேன். குனிந்து, அவர் காதோரமாக, விடுங்கள் ஆல்ஃப், நான் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்றேன்.

அவர் அழுதார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. மன்னிக்க வேண்டிய மெர்லுக்கு ஞாபகம் இல்லை, ஜின்னி மண்ணுக்குள் போய்விட்டது. அன்றைக்கு அவரை மன்னிப்பதற்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.